பழைய தோட்ட டிராக்டரை வைத்து வீட்டுச் சரளைப் பாதையைப் புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: மேட்டுவீடு

வணக்கம். கேட்டிலிருந்து வாசல் வரை எங்கள் வீட்டுக்கு ஒரு சரளைப் பாதை இருக்கிறது. நீளம் 70 மீட்டர், அகலம் 3 மீட்டர். கேட் பக்கம் மேடு, வீட்டுப் பக்கம் தாழ்வு. வீட்டை வாங்கும்போதே பாதை பாழாகத்தான் கிடந்தது. சக்கரம் ஓடும் இரண்டு தடங்களும் குழிந்துவிட்டன. நடுவில் புல் வரிசைகட்டி நிற்கிறது. கேட்டைத் தாண்டியதும் ஒரு பெரிய குழி. எத்தனை முறை கல் போட்டு நிரப்பினாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வந்துவிடுகிறது. பாதி வழியில் ஒரு வளைவு உண்டு. ஈரக்காலத்தில் அங்கே கால் வைத்தாலே தரை அமுங்குகிறது.

என்னிடம் இருப்பது மாமனார் கொடுத்த தோட்ட டிராக்டர். 1980-களில் செய்தது. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 16 குதிரைத்திறன், ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டி (கியர் மாற்றாமல், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வகை). எடை 350 கிலோ என்று கையேடு சொல்கிறது. 120 சென்டிமீட்டர் அகலப் பெட்டி பிளேடு ஒன்றும் கூடவே வந்தது; டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணையும் கல்லையும் சீவி இழுக்கும், அடியில்லாத இரும்புப் பெட்டி அது. துருப்பிடித்திருக்கிறது, ஆனால் நான்கு கொத்துப் பற்களும் முழுசாக இருக்கின்றன. இதுவரை டிராக்டரைப் புல் வெட்டவும் சருகு இழுக்கவும் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்.

என் திட்டம் எளிது. லாரியில் கல் வரவழைத்துப் பழைய பாதையின் மேலேயே கொட்டுவது, பிளேடால் பரப்புவது, புல்வெளிக்கு இழுக்கும் தண்ணீர் ரோலரால் அமுக்குவது. ‘பாதையும் போகும், அப்பா கொடுத்த டிராக்டரும் போகும்’ என்பது என் மனைவியின் கருத்து. இந்த இயந்திரம் தாங்குமா? எவ்வளவு கல் வேண்டும், எந்தக் கல்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நேர்கோடு

தாங்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் எதற்கு இந்தப் பாடு? முன்னால் வாளி வைத்த சிறிய லோடர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நீங்கள் வாரக்கணக்கில் இழுக்கும் வேலையை அது பொழுது சாய்வதற்குள் முடித்துவிடும். பழைய டிராக்டரைப் புல் வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பழைய இரும்பு

வாடகை இயந்திரம் நல்ல யோசனைதான். ஆனால் அதை ஓட்டிப் பழகாதவர் கையில் கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் ஒரே நேரான பாதையைப் பத்து அலையாக்கிவிடவும் அதனால் முடியும். சிறிய டிராக்டர் மெதுவாகக் கெடுக்கும், மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு அதனால்தான் அதன் மேல் பிரியம்.

நண்பரே, உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி. டிராக்டர் போகாது. ஆனால் உங்கள் திட்டப்படி செய்தால் பாதை போகும். பழைய பாதையின் மேலேயே கல் கொட்டுவது என்ற அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறேன்.

கேட்டருகே உள்ள குழியை எடுத்துக்கொள்வோம். அது ஏன் திரும்பி வருகிறது? அடியில் தட்டு மாதிரி இறுகிய ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் தண்ணீர் தேங்குகிறது. டயர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நுண்தூள் கலங்கித் தண்ணீரோடு வெளியே தெறிக்கிறது. தூள் போனால் மிச்சக் கல்லுக்குப் பிடிப்பில்லை, அதுவும் சிதறுகிறது. நீங்கள் மேலே போடும் புதுக் கல் அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதே தவிர, சுற்றியுள்ள பாதையோடு சேர்வதில்லை. எனவே குழியை நிரப்பாதீர்கள், அழியுங்கள். குழியின் அடிமட்டம் வரை, சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்குப் பற்களால் கொத்திக் கிளறி, எல்லாக் கல்லையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பிறகு மட்டம் செய்ய வேண்டும். குழியின் விளிம்பு எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியக் கூடாது. சக்கரத் தடங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கிளறுவதற்கு முன் நடுப்புல்லை வேரோடு எடுத்து வெளியே போடுங்கள். கல்லோடு கலந்தால் மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதையின் இரு ஓரங்களையும் பாருங்கள். பல வருடமாகச் சக்கரம் ஒதுக்கிய மண்ணும் கல்லும் அங்கே வரப்பு கட்டியிருக்கும். அந்த வரப்புதான் மழைநீரைப் பாதைக்குள்ளேயே நிறுத்துகிறது. அதைப் பிளேடால் உள்ளே இழுங்கள். நல்ல கல் நிறைய அங்கேதான் பதுங்கியிருக்கும், புதிதாக வாங்கும் அளவும் குறையும்.

அடுத்தது டிராக்டரின் பலம். குதிரைத்திறனை மறந்துவிடுங்கள், இங்கே கணக்கு எடையில்தான். 350 கிலோ இயந்திரம், மேலே நீங்கள் ஒரு 75 கிலோ. இதில் பின்சக்கரங்கள் மேல் விழுவது 275 கிலோ அளவில் இருக்கும். உதிரிக் கல்லில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பு அதில் பாதிகூட இல்லை. ஆக, சுமார் 120 கிலோ இழுவைதான் உங்கள் கையிருப்பு. பெட்டி பிளேடு நிறைந்தால் அதற்குள் 100 கிலோவுக்கு மேல் கல் இருக்கும். இறுகிய தரையில் பற்கள் பிடிக்கும் இழுவை தனி. நான்கு பற்களையும் முழு ஆழத்துக்கு இறக்கினால் டிராக்டர் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புதிதாக இரண்டு குழி தோண்டித் தரும். எனவே நடுவில் உள்ள இரண்டு பற்களைக் கழற்றிவிடுங்கள். ஒரு இழுப்புக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். மறு இழுப்பில் பற்கள் வேறு கோட்டில் போகும்படி கொஞ்சம் தள்ளி ஓட்டுங்கள்.

பிளேடை இணைக்கும் மூன்று இடங்களில் மேல் கம்பியின் நீளத்தை மாற்ற முடியுமா பாருங்கள். அதைக் குறைத்தால் பெட்டி முன்பக்கம் சாய்ந்து பற்கள் ஆழமாகக் கடிக்கும். நீட்டினால் பின்விளிம்பு தரையில் படுத்து, வழவழவென்று தேய்த்துக்கொண்டு வரும். உங்களுடையதில் அந்த வசதி இல்லையென்றால் பெட்டியின் மேல் கனமான கல்லை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தே ஓரளவு சமாளிக்கலாம். வேகம் நடக்கும் வேகத்துக்கு மேல் வேண்டாம். வேகமாகப் போனால் பிளேடு துள்ளும். துள்ளிய ஒவ்வொரு இடமும் பாதையில் ஒரு அலையாக நிற்கும்.

வடிவம்தான் இந்த வேலையின் உயிர். நடுவில் மேடு, இருபக்கமும் சரிவு. சரளைப் பாதைக்கு 4 சதவீதச் சரிவு நல்லது. உங்கள் பாதையின் பாதி அகலம் ஒன்றரை மீட்டர். அப்படியானால் ஓரத்தைவிட நடு 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் செய்ய யாராலும் முடியாது, ஒன்றும் இல்லாததை எல்லாம் மேடு என்று கண் சொல்லும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் நேரான பலகை ஒன்று எடுங்கள். ஒரு முனையின் அடியில் 6 சென்டிமீட்டர் உயரக் கட்டை ஒன்றை ஆணியடித்து வையுங்கள். கட்டை இல்லாத முனையைப் பாதையின் நடுவிலும் கட்டை உள்ள முனையை ஓரத்திலும் வைத்து, பலகை மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. ஓரத்துப் பக்கம் ஓடினால் அந்த ஓரம் உயர்ந்திருக்கிறது, இன்னும் சீவுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் சோதித்தால் போதும். நடுக்கோட்டுக்கு முளையடித்து நூல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மேடு பழைய மண்ணிலேயே அமைந்துவிட வேண்டும். தட்டையான அடித்தளத்தில் புதுக் கல்லைக் குவித்து மேடு காட்டினால், கல்லுக்குள் இறங்கும் தண்ணீர் அடியில் குளம் கட்டும். 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஜான் லூடன் மெக்காடம் இதைத்தான் தலையால் அடித்துக்கொண்டு சொன்னார்: பாரத்தைத் தாங்குவது அடிமண், அதை ஈரமாகாமல் காப்பதே மேலே போடும் கல்லின் வேலை. கல் ஒவ்வொன்றும் 6 அவுன்சுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி வைத்திருந்தார்.

எந்தக் கல்? 20 மில்லிமீட்டரிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்த, உடைத்த ஜல்லி. கிரஷரில் சலிக்காமல், கழுவாமல் வருவது. முனைகள் கூராக இருந்தால்தான் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். தூள் சந்துகளை அடைக்கும். ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகு, ஆனால் காலத்துக்கும் உருண்டுகொண்டே இருக்கும். ஒரே அளவில் சலித்த ஜல்லியும் அப்படித்தான்.

எவ்வளவு? இறுகிய பிறகு 5 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், 210 சதுர மீட்டருக்குப் பத்தரை கன மீட்டர். உதிரியாக வரும் கல் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டுங்கள், 13 கன மீட்டர். எடையில் 20 டன் பக்கம். ஓரத்து வரப்பில் கிடைப்பதைப் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கல்லையும் ஒரே குவியலாகக் கொட்டவிடாதீர்கள். அதை நகர்த்த உங்கள் டிராக்டரால் ஆகாது. டிப்பர் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பின்கதவு ஒரு சாண் மட்டும் திறக்கும்படி சங்கிலி மாட்டி, தொட்டியைத் தூக்கியபடி மெல்ல நகர்ந்தால் கல் தானாகவே பாயாக விரியும். கைதேர்ந்த ஓட்டுநர் என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது சீவல் வேலை மட்டும். மேலே மின்கம்பி, மரக்கிளை உள்ள இடத்தில் தொட்டியைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

தண்ணீர் ரோலரைப் பற்றி: புல்வெளிக்கு அது போதும், ஜல்லிக்கு அது தடவிக்கொடுப்பதுதான். கல்லை ஈரப்படுத்திவிட்டு அதிர்வுத் தகடு இயந்திரம் வைத்து அமுக்குங்கள். வாடகைக்கு எடுக்க வேண்டியது ஏதாவது உண்டென்றால் அது இதுதான், நேர்கோடு சொன்ன லோடர் அல்ல. இல்லையென்றால் உங்கள் காரையே ஒரு மாதத்துக்கு ஒரே தடத்தில் ஓட்டாமல், தினமும் ஒரு அடி தள்ளித் தள்ளி ஓட்டுங்கள்.

மறுமொழி: மேட்டுவீடு

மிக்க நன்றி, ஐயா. பலகையும் கட்டையும் செய்துவிட்டேன். வைத்துப் பார்த்தால் பாதையின் நடு, ஓரத்தைவிட 4 சென்டிமீட்டர் தாழ்வு! இத்தனை நாள் வாய்க்காலில்தான் கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இரண்டு சந்தேகங்கள். வளைவில் அமுங்கும் இடத்தையும் பற்களால் கொத்தினால் போதுமா? பாதை வீட்டை நோக்கிச் சரிவதால், பிளேடை எந்தத் திசையில் இழுப்பது நல்லது?

பதில்: ஸ்பேனர் கை

பழைய இரும்பு பாதையைப் பார்த்துக்கொண்டார், நான் டிராக்டரைப் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து வருடமாக இந்த மாதிரி இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். எல்லோரும் என்னை ‘சார்’ என்று அழைத்தே கடிதம் எழுதுகிறார்கள். நான் சார் அல்ல, அம்மா.

முதலில் உங்களுடையது நிஜமாகவே தோட்ட டிராக்டர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 350 கிலோ எடையும் பின்னால் பிளேடு கொக்கியும் இருப்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். புல் வெட்டுவதற்கென்றே செய்யும் இலகு டிராக்டர்கள் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். ஆனால் அவற்றின் கியர்பெட்டி மண்ணைக் கடித்து இழுக்கச் செய்ததல்ல. அதில் பிளேடு மாட்டுகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

வேலை தொடங்கும் முன் புல்வெட்டும் தட்டைக் கழற்றி வையுங்கள். கல் அடித்தால் அதுதான் முதலில் நெளியும். ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டியின் எதிரி சூடு. அதன் தலையில் ஒரு சிறிய விசிறி இருக்கும். பழைய இயந்திரங்களில் இறகுகள் உடைந்துபோய் மொட்டையாகச் சுற்றிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பாருங்கள். பெட்டியின் மேலுள்ள அலுமினியத் தகட்டு வரிகளில் எண்ணெயும் புல்லும் சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும், சுரண்டி எடுங்கள். எண்ணெய் அளவைச் சரிபார்த்து, கையேட்டில் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். ஓட்டும்போது மேட்டில் இழுவை தளர்ந்து, பெட்டி வழக்கத்தைவிட உரக்க முனகினால் சூடேறிவிட்டது என்று பொருள். நிறுத்தி ஆறவிடுங்கள். நெம்புகோலை இன்னும் முன்னால் தள்ளினால் இன்னும் சூடாகும், வேறொன்றும் நடக்காது. கிரஷர் தூள் காற்றுவடிகட்டியைச் சீக்கிரம் அடைக்கும், தினமும் வேலை முடிந்ததும் கழற்றிப் பாருங்கள்.

பிடிப்பு போதவில்லை என்றால் பின்சக்கரங்களில் எடைத்தட்டு மாட்டலாம். முன்பக்கம் தூக்குவது போலத் தெரிந்தால் முன்னாலும் எடை வேண்டும். எதை இழுத்தாலும் டிராக்டரின் கீழ்க் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேல், இருக்கைச் சட்டத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாக உங்கள் மேல் கவிழும். இந்தக் காலத்து டிராக்டர்களில் இருப்பது போன்ற கவிழ்வுக் காப்புச் சட்டம் உங்களுடையதில் இருக்காது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய, கல் ஏற்றிய இழுவண்டியைச் சரிவில் இறக்கும்போது, அதன் பாரம் டிராக்டர் எடையைத் தாண்டக் கூடாது. ஜல்லி நிறைந்த சின்னத் தொட்டிகூட எளிதாக அந்த அளவைத் தாண்டிவிடும், பாதி மட்டும் ஏற்றுங்கள். இன்னொன்று, டிராக்டரைக் கையால் தள்ளுவதற்கென ஒரு விடுவிப்பு நெம்புகோல் இருக்குமல்லவா? அதை இழுத்த நிலையில் சரிவில் உட்காராதீர்கள். கியர்பெட்டி வண்டியைப் பிடித்து நிறுத்தாது, கைபிரேக் மட்டும்தான் துணை. இந்த வயதுள்ள கைபிரேக்கை நான் நம்ப மாட்டேன்.

பதில்: பழைய இரும்பு

அம்மா சொன்னதை அப்படியே அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள்.

அமுங்கும் வளைவைக் கொத்தினால் போதாது. அங்கே கோளாறு மேற்பரப்பில் இல்லை, அடியில். சேறு மேலே ஏறுகிறது, கல் கீழே இறங்குகிறது. அந்த இடத்தை மட்டும் 25 அல்லது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டிச் சேற்றை அகற்றுங்கள். இதற்கு மண்வெட்டிதான், டிராக்டரை இழுக்காதீர்கள். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, சேறும் கல்லும் கலக்காமல் பிரித்து வைக்கும் செயற்கைத் துணி) விரித்து, ஓரங்களைப் பக்கச்சுவர் மேல் ஏற்றிவிடுங்கள். நெய்த வகைத் துணி வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டால் தண்ணீர் இறங்க வழியின்றித் தொட்டியாகிவிடும். துணியின் மேல் 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே அமுக்கி, கடைசியில் மேலே சொன்ன கலவை ஜல்லி. ஆனால் அந்த வளைவுக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்து சேர்கிறது. அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். கூரைத் தண்ணீரா, பக்கத்துச் சரிவா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பாமல் அங்கே ஒரு கல்கூடப் போடாதீர்கள்.

திசை: கனமாகக் கொத்துவதும் சீவுவதும் கேட்டிலிருந்து கீழ்நோக்கி. சரிவு உங்களுக்காக இழுக்கும். ஆனால் கல் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும் என்பதால், அவ்வப்போது பிளேடில் கால்வாசி மட்டும் அள்ளி மேல்நோக்கி இழுத்துப் பரப்புங்கள். நாளாக நாளாக மழையும் சக்கரமும் செய்வது கீழே தள்ளும் வேலைதான். மேலே கொண்டுபோவது என்றைக்கும் நம் வேலை.

பாதையின் நீளவாட்டுச் சரிவு 4 சதவீதத்தைவிட அதிகமா என்றும் அளந்து பாருங்கள். அதிகமென்றால் நீர் பக்கவாட்டில் ஒதுங்காமல் பாதையோடு இறங்கி ஓடும். அப்படியிருந்தால் இரண்டு மூன்று இடங்களில் பாதைக்குக் குறுக்கே, சாய்வாக, கார் இடிபடாமல் ஏறி இறங்கும் அகலமான மெல்லிய மேடுகள் அமையுங்கள். வாசலுக்கு முன்னால் கம்பிச்சட்டம் மூடிய குறுக்கு வாய்க்கால் ஒன்றும் அவசியம், இல்லையென்றால் அவ்வளவு தண்ணீரும் வீட்டுக்குத்தான் விருந்தாளி.

வேலை முடிந்த பிறகு பெட்டி பிளேடை அடிக்கடி மாட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்து விவசாயி டேவிட் வார்ட் கிங், 1896 வாக்கில் ஒரு மரக்கட்டையை இரண்டாகப் பிளந்து, பாதிகளை முன்னும் பின்னுமாகப் பிணைத்து, குதிரை கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தன் வீட்டு முன் மண்சாலையில் இழுத்தார். 1908-இல் அந்நாட்டு வேளாண்மைத் துறை அதை அவரையே எழுதவைத்து விவசாயிகளுக்கான கையேடாக வெளியிட்டது. உங்களுக்குக் கட்டைக்குப் பதில் இரண்டு இரும்பு ஆங்கிள்கள் போதும். டிராக்டர் அகலத்துக்கு வெட்டி, முக்கால் மீட்டர் இடைவெளியில் பற்றவைத்து, மேலே ஒரு பலகை போட்டு 40 கிலோ அளவுக்குக் கல் வையுங்கள். இழுக்கும் சங்கிலியின் ஒரு பக்கத்தைக் குட்டையாக்கினால் சட்டம் சாய்வாக ஓடி, ஓரத்துக் கல்லை நடுவுக்குத் தள்ளும். நடுமேடு தானாகவே பிழைத்துக்கொள்ளும். மழை விட்டு, கல் ஈரமாகவும் சேறு ஒட்டாமலும் இருக்கும் பொழுதில் இழுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் தூசிதான் கிளம்பும்.

மறுமொழி: மேட்டுவீடு

விசிறியைப் பார்த்தேன். பத்து இறகில் நான்குதான் மிச்சம். புதிது வரும்வரை மண்வெட்டியோடு வளைவில் இருக்கிறேன்.